குச்சி சிஸ்டர் விடாத மூக்கு

மக்கா, ரெண்டு பேரும் கேளுங்க. சங்கரன்கோவில் வட்டாரத்தில் யாருக்கும் வணங்காத தலை இருக்கலாம். குச்சி சிஸ்டர் முன்னால் பின்பக்கம் சாயாத தலை கிடையாது.

ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவு நர்ஸ் அவர். ஆட்டோவில் நோயாளிகளைக் கொண்டுபோய் விடும் எனக்கே அவர் நிஜப் பெயர் தெரியாது. காய்ச்சல், இருமல் என்று யார் வந்தாலும் மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி, சோதனை அட்டையில் சொட்டு விடுவார். கால் மணி நேரத்தில் கோடு விழும். ஒன்று என்றால் ஃப்ளூ கிருமி தென்படவில்லை. இரண்டு என்றால் இருக்கிறது. அதுவரை மற்ற நோயாளிகள் பக்கமே விடமாட்டார்.

குருவிகுளத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்தது. காய்ச்சல் தாத்தாவுக்கு. ஆனால் பின்னால் நின்ற டிரைவர் மூக்கும் தப்பவில்லை.

"வண்டி நிறுத்த இடம் கேக்கத்தாம்மா வந்தேன்!"

"கேட்டுட்டு இருமினீங்கள்லா? உக்காருங்க."

சின்னவளே, கைக்குழந்தையாக நீ மூச்சு இழுத்துக்கொண்டு அங்கே கிடந்தாய். உனக்கு ஒற்றைக் கோடுதான். ஆனாலும், "இவ நெஞ்சு இன்னொரு சளியைத் தாங்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது ஒரு மில் முதலாளி, இருமலும் பரிவாரமுமாக வந்து இறங்கினார். அந்தப் பிரிவில் காலியாக இருந்தது உன் பக்கத்துக் கட்டில் மட்டும்தான். சிஸ்டர் அவரை நாற்காலி வண்டியில் உட்காரவைத்துவிட்டுக் குறுக்கே நின்றார்.

"ஏட்டி, நான் யாருன்னு தெரியுமா?"

"கோடு விழட்டும், சொல்லுதேன்."

மானேஜர் ஓடி வந்தார். "சிஸ்டர், அண்ணாச்சிக்குக் கட்டிலக் குடுங்க."

"ஊசி, மாத்திரை எல்லாம் நாற்காலிக்கே வரும் சார். கட்டில் வராது."

"வேலை போயிரும், பாத்துக்கிடுங்க!"

"போட்டும். அண்ணாச்சி, தலையைத் தூக்குங்க."

முதலாளி தூக்கினார். நான் உன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி அந்த அட்டையையே பார்த்தேன். விழுந்தது, இரண்டு கோடு. முதலாளியின் மச்சினன் துள்ளிவிட்டான்.

"ரெண்டாக்கும்! மத்தவங்களுக்கு ஒண்ணுதான் வே. எங்க அத்தானுக்கு எப்பவும் எல்லாம் கூடத்தான்!"

"ஆமா, ஃப்ளூவும் கூடிட்டு" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் நாற்காலி வண்டியை ஃப்ளூக்காரர்களுக்கான தனியறைக்குத் தள்ளினார்.

அந்த வாரமே நீ சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய்.

திமிர் பிடித்தவள் என்று இன்றைக்கும் அவரைப் பேசுகிறார்கள். பேசட்டும். அந்தத் திமிர் இல்லையென்றால் என் வீட்டில் சிரிப்புச் சத்தம் இருந்திருக்காது என்று யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

போன மாதம் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். கேள்விப்பட்ட அன்று எனக்கும் லேசாக இருமல். ரயில் நிலையத்துப் பக்கம் ஆட்டோவை ஓரங்கட்டினேன். சுற்றிலும் யாரும் இல்லை. கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.