பிணக்கில் விழுந்த ஓட்டை

அமைதி என்பது எங்கள் ஊரில் விளைகிற அளவுக்கு உலகில் வேறெங்கும் விளைவதில்லை. நெரெத்வா ஆற்றங்கரையில் போர் முடிந்து ஒரு தலைமுறை ஆகியும் அறுவடை ஓயவில்லை. கோடை வந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரனோடு வாய்ச்சண்டைகூடப் போட்டிராத நாடுகளிலிருந்து பிள்ளைகள் ‘பிணக்கு மேலாண்மை’ படிக்க வந்து இறங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பிணக்கைச் சுற்றிக் காட்டும் மாபெரும் பொறுப்பு, அமைதிப் பயிற்சி நிலையத்தின் ‘கள ஒருங்கிணைப்பாளர்’ என்ற முறையில் அடியேனுடையது.

எங்கள் களம் ஒரு சுவர். போரின்போது ஸும்ராவின் முற்றத்துக்கும் ரூஷாவின் முற்றத்துக்கும் நடுவே சிப்பாய்கள் எழுப்பியது. ஸும்ரா மசூதிக்குப் போகிறவள், ரூஷா மாதா கோயிலுக்கு. காப்பிக்கு மட்டும் இருவருக்கும் ஸும்ராவின் முற்றம்தான். சுவர் வந்ததிலிருந்து ரூஷா தெருவைச் சுற்றி மேடேறி வரவேண்டியதாயிற்று. இப்போது முழங்கால் மக்கர் செய்கிறது.

வசந்தத்தில் இருவரும் நிலையத்துக்கே வந்துவிட்டார்கள்.

“செவுத்த எடுத்துடுங்கய்யா,” என்றாள் ஸும்ரா. “இவளால மேடு ஏற முடியல. ஸ்வீடன்ல இருக்கிற மகன் வா வான்னு கூப்பிடுறான். காப்பிக்குத் துணை இல்லேன்னா கெளம்பிடுவா.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செவுத்த இடிச்சுட்டா, அப்புறம் நட்புப் பாலத்த எங்கம்மா கட்டுறது?”

அடடா! அந்தக் கேள்வியின் ஆழத்தில் நான் அரை நாள் மூழ்கிக் கிடந்தேன்.

“ஒரு கதவாச்சும் வைங்களேன்,” என்றாள் ரூஷா.

“கதவா? பிணக்குல ஓட்டை விழுந்துடுமே!”

கோடையில் பிள்ளைகள் ஸும்ராவின் முற்றத்தில் வந்து அமர்ந்தார்கள். எங்கள் பக்கம் விருந்தாளிக்கு மூன்று காப்பி. முதலாவது வரவேற்க, இரண்டாவது பேச, மூன்றாவது ‘எழுந்து நடையைக் கட்டு’ என்று சொல்ல. அந்த மூன்றாவதை ‘அமைதிக் காப்பி’ என்று நான் விளக்கியிருந்தேன். அது பாடத்திட்டத்திலும் ஏறிவிட்டது.

“அந்தப் பக்கத்து அம்மா மேல உங்களுக்கு இன்னும் கோபம் இருக்கா?” என்று அன்னலீன் என்ற மாணவி கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

“இல்லாம? அவ சுடுற கீரை பிட்டாவுல உப்பே இருக்காது!” என்றாள் ஸும்ரா.

சுவருக்கு அப்பாலிருந்து ரூஷா கத்தினாள்: “உனக்கு ரத்தக் கொதிப்புன்னுதானேடி உப்பக் கொறைச்சேன், எருமை!”

‘ஆறாத காயம்’ என்று பிள்ளைகள் மும்முரமாகக் குறித்துக்கொண்டார்கள்.

ஸும்ரா மூன்றாவது காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். கைதட்டினார்கள். ஒருவன் இன்னொரு கோப்பை கேட்டான். அவ்வளவுதான், ஸும்ராவின் பொறுமை போய்விட்டது. கடப்பாரையை எடுத்துவந்து சுவரில் போட்டாள் ஒரு போடு. அந்தப் பக்கம் ரூஷா முக்காலியில் உட்கார்ந்தபடியே சுத்தியலால் தட்டினாள். சிப்பாய்களின் அவசரக் கட்டு, பொலபொலவென்று உதிர்ந்தது. சாயங்காலம் ரூஷா அந்த ஓட்டை வழியாக வந்து காப்பி குடித்தாள். பிள்ளைகள் அழுதேவிட்டார்கள். நானும் மூக்கைச் சிந்தினேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் நிலையம் நிலைகுலையவில்லை. மறுவாரமே ‘பன்னாட்டுக் கூட்டு மறுசீரமைப்பு’ என்ற செய்முறைப் பயிற்சி. பல நாட்டுப் பிள்ளைகள் தோளோடு தோள் நின்று, சாந்து குழைத்து, கம்பி வைத்து ஓட்டையை அடைத்தார்கள். மேலே ஒரு புறா வரைந்தார்கள். அன்னலீனுக்கு முதல் பரிசு. ஸும்ரா குறுக்கே விழுந்து கத்தியதை ‘உள்ளூர் மக்களின் உணர்ச்சிமிக்க பங்கேற்பு’ என்று நானே அறிக்கையில் சேர்த்தேன்.

குளிர் தொடங்குமுன் ரூஷா ஸ்வீடனுக்குப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் ஸும்ரா தினமும் காலையில் நிலையத்துக்கு வருகிறாள். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் மேசைமேல் ஒரு கோப்பைக் காப்பி. மக்கள் ஆதரவு என்றால் இதுவல்லவா! நேற்று பெருமை தாங்காமல், “ரொம்ப நல்லாருக்கும்மா. முதல் காப்பியே எனக்குத்தானா?” என்றேன்.

“இல்லடா தம்பி, இது மூணாவது,” என்றாள். “முதல் ரெண்டையும் குடிக்க வேண்டியவளத்தான் நீங்க அனுப்பி வெச்சுட்டீங்களே.”