பத்தடி அக்காவும் என் காலி மூஞ்சியும்

கடலூர் செம்மண்டலத்தில் பத்தடி அக்காவின் முதுகு இடிக்காத ஆள் ஒருவரைக் காட்டுங்கள், நான் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன். தபால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், எல்லோரும் இடி வாங்கியவர்கள்தான். அக்காவுக்கு மணப்பெண் அலங்காரம் தொழில். பிரஷ்ஷால் இரண்டு தீற்று தீற்றுவார், பத்தடி பின்னாலேயே நடந்து போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், ஓடி வந்து மறுபடி தீற்றுவார். அவருடைய பார்லர் எட்டடி அறை. பாக்கி இரண்டடிக்கு வராண்டாவுக்கு வந்தாக வேண்டும். வராண்டாவில் எதிர்க்கதவு என் வீடு.

ஒரு நாள் இட்லி மாவுப் பாத்திரத்தோடு நான் கதவைத் திறக்கவும் முதுகு வந்து மோதவும் சரியாக இருந்தது. அக்காவின் புடவையெல்லாம் மாவு. அவர் திரும்பக்கூட இல்லை.

“யாரா இருந்தாலும் அப்படியே நில்லு. லைட்ட மறைக்காத.”

என் மாவு, என் வாசல், ஆனாலும் நின்றேன். அப்புறம் கேட்டேன், “ஏங்க்கா, கிட்ட நின்னு பாத்தாதான் என்னா?”

“கல்யாணத்துல பொண்ண யாருடி கிட்ட வந்து பாக்கறாங்க? எல்லாம் பத்தடி தள்ளி சேர்ல உக்காந்துதான். அவுங்களுக்குத்தாண்டி நான் மேக்கப் போடறேன்.”

மங்கலம்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் மேடையிலேயே கடைசி டச்-அப். அக்கா பின்னால் போனார், போனார், போய் மேளக்காரரின் தவில் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தவில் தொம்மென்றது. முன்வரிசைப் பெரியவர் கெட்டிமேளம் என்று நினைத்து அட்சதையைப் போட, மண்டபமே போட்டுவிட்டது. மாப்பிள்ளை அப்போதுதான் உள்ளே வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். மறுபடி அரிசியில் மஞ்சள் கலந்து கொண்டுவருவதற்குள் அக்கா இன்னும் நாலு தீற்று தீற்றிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண்கள் பத்திரிகை போன் செய்தது. சிற்றூர் அலங்காரக் கலைஞர்கள் ஆளுக்கு ஒரு ஓவிய இயக்கத்தை எடுத்துக்கொண்டு ஒரு முகம் செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு இல்லை, பத்திரிகையின் நடுப்பக்கத்துக்கு. அதற்கு எடிட்டோரியல் லுக் என்று பெயராம். அக்காவுக்குக் குலுக்கலில் விழுந்தது இம்ப்ரெஷனிசம்.

விடியற்காலையிலேயே என் கதவு தட்டப்பட்டது. “அது என்னான்னு உன் போன்ல படிச்சி சொல்லு.”

பல் விளக்காமல் படித்துச் சொன்னேன். பிரெஞ்சு ஓவியர்கள், அறையை விட்டு வெளியே போய் வெளிச்சத்தை வரைந்தார்கள், நிழலுக்குக் கறுப்பு போடாமல் நீலமும் ஊதாவும் போட்டார்கள், கிட்டப் பார்த்தால் வெறும் திட்டுத் திட்டு, தள்ளி நின்று பார்த்தால் படம்.

“என்னா சொன்ன? தள்ளி நின்னா?” அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அடிப்பாவி, இத்தினி வருஷமா நான் பண்றது அதானேடி.” கண் கலங்கியிருந்தது. “எந்தக் கல்யாண ஆல்பத்துலயாவது என் பேரு இருக்குதா? போட்டோக்காரர் பேரு இருக்குது, மண்டபம் பேரு இருக்குது, சமையல்காரர் பேரு இருக்குது. இதுல படத்துக்குக் கீழ என் பேரப் போடுவாங்களாம். ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும்டி.”

மாடல் யார் என்று கேட்டுத் தொலைத்தேன். என்னை உற்றுப் பார்த்தார். “உன் மூஞ்சிதான் சரி. ஒண்ணுமே இல்லாம காலியா இருக்குது.”

குடும்ப போட்டோ எல்லாவற்றிலும் கடைசி வரிசையில் யாருடைய தோளுக்கோ பின்னால் ஒளிகிற முகம் இது. மறுத்திருக்கலாம், ஆனால் அக்கா அதற்குள் என் கன்னத்தில் மஞ்சள் வைத்துவிட்டார்.

பதினைந்து நாள் அந்த மனுஷி உட்காரவில்லை, என்னையும் உட்காரவிடவில்லை. காலை ஆறு மணி வெளிச்சத்துக்குக் கெடிலம் பாலம், பத்து மணி வெளிச்சத்துக்கு மொட்டை மாடி, சாயங்காலம் சில்வர் பீச். சுண்டல்காரர் என்னைப் பார்த்து, “அலர்ஜியாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சுண்டலை அதிகமாகவே போட்டார். தாடையில் ஊதாவோடு ஆபீஸ் போனேன், மேனேஜர் கேட்காமலே லீவு கொடுத்தார்.

படப்பிடிப்பு சிதம்பரத்தைத் தாண்டிப் பிச்சாவரத்தில், சுரபுன்னைக் காட்டுக்கு நடுவே படகில். முழு மேக்கப்போடு என்னைக் கடலூரில் பஸ் ஏற்றினார். புதுச்சத்திரத்தில் பஸ் நின்றதும், ஜன்னல் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இறங்கிப் பத்தடி பின்னால் போனார். பஸ் கிளம்பிவிட்டது. அக்கா துரத்திக்கொண்டு ஓடி வந்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லுவார் என்று பார்த்தால், “மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்புடி” என்கிறார். கண்டக்டர் விசில் அடித்து ஏற்றிக்கொண்டார்.

பிச்சாவரத்தில் போட்டோகிராபர் நான் இருந்த படகில் ஏறி, கேமராவை என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்தார்.

“தம்பி, பத்தடி தள்ளிக்குங்க,” என்றார் கரையிலிருந்த அக்கா.

“மேடம், படிக்கறவங்க புக்க கையில வெச்சிதானே பாப்பாங்க. ஒரு அடி தூரந்தான் இருக்கும்.”

அக்கா உட்கார்ந்துவிட்டார். அவராக உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “பதினஞ்சு நாளா இது எனக்குத் தோணவே இல்லியேடி. புக்க யாரு பத்தடி தள்ளி வெச்சிப் படிப்பாங்க?” பையிலிருந்து துடைக்கிற பஞ்சை எடுத்தார். “வா, தொடச்சிடறேன். சாதாவா ஒரு கல்யாண மேக்கப் போட்டுடலாம். பேராவது வரட்டும்.”

எனக்கு வந்ததே கோபம். “பஞ்ச உள்ள வைங்க,” என்றேன். போட்டோகிராபரிடம், “நீங்க அதோ தள்ளி நிக்கிற இன்னொரு படகுக்குப் போயிடுங்க சார். அங்கேருந்து எடுங்க,” என்றேன்.

“முகம் சின்னதா வருமே.”

“வரட்டும் சார். எல்லா போட்டோலயும் எனக்குச் சின்னதாதான் வரும். ஆனா இதுல முன்னால யாரும் நிக்கலல்ல, அது போதும்.”

அவர் படகு மாறினார். அக்காவும் எழுந்து அதே படகில் ஏறிக்கொண்டார். இலைகளுக்கு நடுவே வெயில் விழுந்து தண்ணீர் என் முகத்தில் ஆடியது. அங்கிருந்து அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஓடி வந்து தீற்ற முடியாது, நடுவில் தண்ணீர். எனக்குத் தெரிந்து அவர் போதும் என்று விட்ட ஒரே முகம் அதுதான்.

பத்திரிகை வந்தது. இரண்டு பக்கம் முழுக்கத் தண்ணீரும் இலையும் வெயிலும், அதற்கு நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு என் முகம். கீழே அக்காவின் பெயர் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதினால் செம்மண்டலத்தில் யாருக்கும் ஆள் தெரியாது. அதனால் விட்டுவிடுகிறேன். அந்தப் புளியங்கொட்டை அழகாக இருந்தது என்பதை மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதைப் பார்த்துச் சிதம்பரத்திலிருந்து நிறையப் பேர் கூப்பிட, அக்கா அங்கேயே பார்லர் வைத்துவிட்டார். நீளமான ஹாலாம். பின்னால் போனால் யாரையும் இடிக்காதாம்.

நான் மட்டும் இன்னமும் மாவுப் பாத்திரத்தோடு கதவைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் நின்றுதான் காலை வெளியே வைக்கிறேன். வராண்டா காலியாக இருக்கிறது. பத்தடி சரிதான்க்கா, நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் ரொம்ப ஜாஸ்தி.