மன்னர் சுமந்த குடம்

நெகிழ்நாட்டில் அரசர்கள் பிறப்பதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குடிமக்கள் வாக்களித்து ஒருவரை அரியணையில் ஏற்றுவார்கள். ஏறியவர் இறங்கும்வரை அவர் முகத்தை நாணயத்தில் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் தேர்தலுக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும் அந்த நாட்டுக்கு ஈடான நாடு கிடையாது. பட்டு உடுத்தியவர்கள் தெருவில் நின்று தோசை சுடுவார்கள். பல்லக்கில் போனவர்கள் முடிதிருத்தும் கடைக்குள் புகுந்து, வேண்டாம் சாமி என்று கெஞ்சுகிறவனுக்கும் சவரம் செய்து விடுவார்கள். மூக்கொழுகும் பிள்ளையாகப் பார்த்துத் தூக்கிக் கொஞ்சுவார்கள். அரண்மனை ஓவியர் படத்தை வரைந்து முடிக்கும்வரை பிள்ளை இடுப்பில் இருக்கும்.

மேட்டுத் தெருப் பூவாத்தாளுக்கு வாய்த்தது குடம். அவள் தெருவில் தண்ணீர் கிடையாது. அடிவாரத்து ஊற்றில் பிடித்து, மேடேறிச் சுமந்து வரவேண்டும். சுமந்து சுமந்து இடது இடுப்பு கோணிப்போயிருந்தது. ராத்திரி புரண்டு படுத்தால் உயிர் போகும் வலி. போன தேர்தலில் வேட்பாளராக வந்த மதங்கராயர் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கி, ஓவியர் போதும் என்று சொல்லும்வரை நடந்தார். பிறகு மேடையேறி நெஞ்சில் கைவைத்தார்.

"தாய்மார்களின் குடத்தைச் சுமப்பது என் இரத்தத்தில் ஊறிய பழக்கம். சுமக்காத நாளில் எனக்கு உறக்கம் வராது."

ஜெயித்தார். ஐந்து வருடமும் நன்றாகவே உறங்கினார். இறக்கி வைத்த குடத்தைப் பரிவாரம் மிதித்து நசுக்கியிருந்தது. அந்த நசுங்கலோடுதான் பூவாத்தாள் இன்றும் தண்ணீர் பிடிக்கிறாள். மேட்டுத் தெருவுக்கு ஒரு குழாய் வந்துவிட்டால் போதும், கட்டை வேகும்வரை வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று மாரியாத்தாளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

மறுபடி தேர்தல் வந்தபோது ஊர் முழுக்க ஒரே வழக்கு. வேட்பாளர்கள் உருகுவது மனசாரவா, வெறும் நடிப்பா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்றார்கள் பாதிப்பேர். இல்லை, கண்ணீர் நிஜமாகவே உப்புக் கரித்தது என்றார்கள் மீதிப்பேர். பேச்சு அரண்மனைக்கு எட்டியது. மன்னருக்குச் சோறு இறங்கவில்லை.

அமைச்சர் விடங்கநாதர் கனைத்துக்கொண்டார். "பிரபு, சந்தேகம் என்பது ஒரு தொற்றுநோய். சட்டத்தால் குணப்படுத்தலாம்."

உடனே 'உள்ளன்புத் துறை' பிறந்தது. வேட்பாளர் அழும்போது சிரிப்பவருக்கு ரேஷன் அரிசி நிறுத்தப்படும் என்று முதலில் முரசறைந்தார்கள். மனசு பாறையாக இருக்கிறவர்கள் அதற்கும் சிரித்துத் தொலைத்தார்கள், பட்டினி கிடந்தார்கள். அடுத்து, ஒவ்வொரு தெருவும் தூக்குவதற்கு ஒரு குழந்தையும் கட்டிப்பிடிக்க ஒரு கிழவரும் எந்நேரமும் தயாராக வைத்திருக்கவேண்டும் என்றார்கள். கிழவர்கள் வெயிலில் நின்று சுருண்டு விழுந்தார்கள். மேட்டுத் தெருவுக்கு வந்ததுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. மன்னருக்குத் தோள்பட்டையில் பிடிப்பு; நிறைகுடம் ஆகாது. ஆகவே அவர் வந்து போகும்வரை எல்லாக் குடங்களும் காலியாக இருக்கவேண்டும் என்று சொல்லி, ஊற்றுக்குக் காவல் போட்டுவிட்டார்கள்.

நாக்கு வறண்ட ஜனங்கள் முணுமுணுத்தார்கள். விடங்கநாதர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"இனி, தேர்தல் காலத்தில் வேட்பாளர் செய்வது அனைத்தும் அவருடைய பிறவி இயல்பு. அந்த இயல்புக்குக் குறுக்கே நிற்பவர், அவர் எத்தகைய பதவியில் இருப்பவரானாலும், ராஜத்துரோகி."

மன்னர் வந்தார். பூவாத்தாளின் காலிக் குடத்தை அலுங்காமல் தூக்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஊரே பார்க்கக் கேட்டார்.

"சொல்லுங்கள் தாயே, நான் நடிக்கிறேனா?"

அவள் ஒரு வாரமாகச் சரியாகக் குளிக்கவில்லை, குடிக்கவில்லை. கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முரசறைந்தவன் சொன்னதும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"நடிப்புன்னு எவஞ் சொன்னானுங்க சாமி?" என்றாள். "நீங்க மனசாரத்தான் தூக்கறீங்க. தூக்காட்டி உங்களுக்குத் தூக்கமே வராதுன்னு என்ற காதாலயே கேட்டனுங்க."

கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ஒரு வார்த்தையை ஊர் ஊராகச் சொல்லியே மதங்கராயர் ஜெயித்தார். அடுத்த வீட்டுச் சரசு, "உன்ற நாக்கு அழுகிப் போகோணும்க்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் விடிந்ததும் அவள் குடத்தோடு அரண்மனை வாசலில் நின்றாள்.

"எங்க போற?" என்று காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"சாமிகிட்டக் குடங் குடுக்கோணும் கண்ணு. அவுரு இயல்பு அது. நீ குறுக்க நின்னீன்னா உனக்குத்தான் ஆகாது. ஆனா உன்ற இஷ்டம்."

காவலன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஈட்டியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றான்.

உள்ளே மன்னர் கொதித்தார். "அந்தச் சட்டத்தை ரத்து செய்யும்."

"செய்யலாம் பிரபு," என்றார் விடங்கநாதர் சுரத்தில்லாமல். "செய்தால், நடித்தது உண்மை என்று நாமே முரசறைந்ததாகும்."

"ஒரு சேவகனை அனுப்பிச் சுமக்கச் சொல்லும்."

"சேவகன் சுமந்தால் அது தங்கள் இயல்புக்குக் குறுக்கே நிற்பதாகும். அவனை அனுப்பிய குற்றத்துக்கு நானே ராஜத்துரோகி."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மன்னர் ஊற்றுக்கு நடந்தார். நிறைகுடத்தை இடுப்பில் வைத்தபோது அவர் உடம்பு மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது. மேட்டில் முக்கால்வாசி சிந்திவிட்டது. மறுநாள் மேட்டுத் தெருவே குடங்களோடு வந்தது. சரசுவும் வந்திருந்தாள், பூவாத்தாளைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரேஷன் நிறுத்தப்படும் சிரிப்பு அல்ல அது. பின்னாலேயே தோசைக் கல்லோடு ஒரு கூட்டமும், தாடி வளர்த்த கூட்டம் ஒன்றும் வரிசையில் நின்றன. மன்னர் இவர்களுக்கும் ஏதேதோ இயல்பைக் காட்டியிருந்தார்.

சில நாள் கழித்து, பாதி மேட்டில் மன்னர் குடத்தை இறக்கிவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்தார். ஓவியர் யாரும் கூட இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "தினமும் இதை எப்படியம்மா ஏறுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"அழுதுகிட்டேதானுங்க," என்றாள் கூடவே ஏறி வந்த பூவாத்தாள்.

அவர் எழுந்து குடத்தை மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு மீதி மேட்டை ஏறினார். அந்த வாரமே மேட்டுத் தெருவில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. 'மன்னரின் இயல்பை இடையறாது கொண்டு சேர்க்கும் திட்டம்' என்று அதற்கு விடங்கநாதர் பெயர் சூட்டினார். ஜனங்கள் குழாய் என்றார்கள்.

முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருமிக்கொண்டு வந்து, பிறகு தெளிந்தது. பூவாத்தாள் நசுங்கிய குடத்தை வாசலிலேயே நிறைத்தாள். தெருவே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆடியது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை.

"ஏக்கா, கடசீல அந்தாளு மனசாரச் செஞ்சாரா, நடிச்சாரா?" என்றாள் சரசு.

"அவுரு மனசுக்குள்ள நானெங்க போய்ப் பாத்தேன் அம்மிணி? தண்ணி நிறையுது, குடத்தை நகத்து."

அடுத்த தேர்தல் வந்தது. புது வேட்பாளர் ஒருவர் ஓவியர் சகிதம் சாக்கடைத் தெருவுக்கு வந்து, ஓரத்தில் கிடந்த துடைப்பத்தைப் பார்த்து ஆசையோடு குனிந்தார். வாசல்தோறும் ஜனங்கள் வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, திட்டவில்லை. ஒருத்தி மட்டும் மிகுந்த மரியாதையோடு சொன்னாள்.

"எடுங்க சாமி. தாராளமா எடுங்க."

துடைப்பத்துக்கு மேலே அவர் கை அப்படியே நின்றது.