ஒரு நட்டும் கொஞ்சம் கோபமும்

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. மழை இல்லை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு மனிதன் சந்தோஷமாக இருக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் காலையிலேயே டெஸ்மண்டுக்குத் தலைக்கு மேல் கோபம். காரணம், மனைவி மேவிஸ், அவித்த முட்டையின் மண்டையை ஸ்பூனால் தட்டிக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியம்.

"நாளைக்கு வண்டியை நான் ஓட்டறேன்."

டோஸ்ட் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

வண்டி என்பது பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். அறுபதுகளில் பிறந்தது. இரண்டே இருக்கை. கல்யாணத்துக்குப் பிறகுதான் வாங்கினார் என்றாலும் அந்த வீட்டில் அதுதான் மூத்தாள். அதன் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். தூங்கும்போதும் கழற்றமாட்டார். மேவிஸுக்கு வாய்த்தது இடது பக்க இருக்கையும் மடியில் ஒரு வரைபடமும். நாளை ஞாயிறு, பழைய கார் சங்கத்தின் இந்த வருடக் கடைசி ஊர்வலம். அது முடிந்தால் வசந்தம் வரை எல்லா வண்டியும் கம்பளிக்குள் போய்விடும்.

"நீ ஓட்டறியா? ஆயில் எங்க ஊத்தறதுன்னாவது தெரியுமா உனக்கு?"

"மேல ஊத்தணும், கீழ வடிக்கணும். எங்கப்பாவோட பால் வண்டிக்கு நான்தான் மாத்துவேன். இதுக்குப் போய் வருஷா வருஷம் ஒரு சனிக்கிழமையை முழுங்கறீங்களே."

டெஸ்மண்டின் காது சிவந்தது. ஆயில் மாற்றுவது அவருக்குப் பூஜை. அந்த நேரத்தில் ஷெட்டுப் பக்கம் யாரும் போகக்கூடாது. அதில் அவருக்கென்று ஒரு சித்தாந்தமும் உண்டு. எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கிற நட்டை இரண்டே விரலால், பூப்போல இறுக்க வேண்டும். அழுத்தினால் மரை போய்விடும். பூப்போல இறுக்கிய நட்டு, வாங்கிய நாளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சொட்டைப் பிடிக்க மேவிஸ் அடுப்புக்குள் வைத்து இறைச்சி வாட்டுகிற நல்ல ரோஸ்ட் தட்டைத் தூக்கிப்போய்க் காருக்கு அடியில் வைத்துவிட்டார். அதற்காக அவள் சண்டை போட்டாள், அழுதாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். தட்டு திரும்பவில்லை.

"பால் வண்டியும் இதுவும் ஒண்ணா? நீ தனியா ஆயில் மாத்திட்டா சாவி உனக்கு. நாளைக்கு மட்டுமில்ல, எப்பவுமே!"

"நெஜமாவா?"

"நெஜமா!"

மேவிஸ் ஜன்னலை முழுசாகத் திறந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் எம்ரிஸ் ரோஜாச்செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். வேல்ஸ்காரர். அதே கார் சங்கத்து ஆள். அடுத்த வீட்டுச் சண்டை என்றால் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போடுவார்.

"இங்க பாருங்க எம்ரிஸ். இன்னிக்கு டீ நேரத்துல வண்டிக்குள்ள புது ஆயில் இருக்கணும். நானே மாத்தினதா இருக்கணும். வேற ஒரு கை பட்டுதுன்னாலும் நான் தோத்தேன். நீங்கதான் சாட்சி."

"ஊருக்கே கேட்டுது மேவிஸ், நான் ஒருத்தன் எதுக்கு?" என்றார் எம்ரிஸ்.

டோஸ்ட் ஆறுவதற்குள் டெஸ்மண்டின் கோபமும் கொஞ்சம் ஆறி, அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. பால்காரர் மகள். மாற்றினாலும் மாற்றிவிடுவாள். தொப்பி தேடுவதாகச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனார். அலமாரியில் புது ஆயில் டின்கள் இருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது. இன்னும் தொடவில்லை. நல்லது.

தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் புகுந்தார். நட்டில் ஸ்பேனரை மாட்டினார். ஸ்பேனரில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகினார். சித்தாந்தமாவது மண்ணாவது.

"பால் வண்டியாம்" என்று ஒரு இழுப்பு. "ஒரு சனிக்கிழமையை முழுங்கறேனாம்" என்று இன்னொரு இழுப்பு. கழுத்து நரம்பு புடைத்தது. இனி அந்த நட்டை அவிழ்க்க ஒரு குதிரை வேண்டும். ரோஸ்ட் தட்டில் தேன் நிறத்தில் சில சொட்டுகள் கிடந்தன. அவர் வண்டி சொட்டுவது எப்போதும் கரிக்கறுப்பு. கோபத்தில் இருக்கிறவனுக்கு நிறமா தெரியும்?

அதன்பிறகு மேவிஸ் ஷெட்டுக்கு வருவாள், திணறுவாள், வந்து கெஞ்சுவாள் என்று காத்திருந்தார். மேவிஸ் துணிக்கு இஸ்திரி போட்டாள். பிளம் ஜாம் காய்ச்சினாள். ரேடியோவில் யாரோ கிழங்கு நடுவதைப் பற்றிப் பேசியதைக் கண்ணை மூடிக் கேட்டாள். டெஸ்மண்டுக்கு மறுபடியும் கோபம் ஏறியது. தோற்பதென்றால் ஒழுங்காக முயற்சி செய்து தோற்க வேண்டாமா? இது என்ன மரியாதை?

"டீ நேரம் ஆச்சு" என்றார், கடுகடுவென்று.

"ஆச்சா? எம்ரிஸைக் கூப்பிடுங்க."

எம்ரிஸ் வந்தார். மேவிஸ் வண்டியின் முன்மூடியைத் தூக்கி, ஆயில் பார்க்கிற கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து நீட்டினாள். தங்கம்போல மின்னியது.

"புது ஆயில்" என்றார் எம்ரிஸ்.

"எப்போ மாத்தினே?" டெஸ்மண்டின் குரல் கீச்சிட்டது.

"நேத்து. நீங்க சங்கத்துக் கமிட்டிக்குப் போயிருந்தப்போ. சாவி உங்க கழுத்துல, அதனால எஞ்சினைச் சூடு பண்ண முடியல. ஆறின ஆயில் மெல்லத்தான் வடியுது. ஆனா உங்க கமிட்டி அதைவிட மெல்லப் பேசுமே. பழைய ஆயிலை அலமாரி டின்லயே ஊத்தி வச்சிருக்கேன்."

"பந்தயம் இன்னிக்குத்தானே போட்டோம்! இது மோசடி!"

"டீ நேரத்துல இருக்கணும்னுதான் பேச்சு" என்றார் எம்ரிஸ். "இருக்கு."

டெஸ்மண்ட் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "யார் கையும் படக்கூடாதுன்னுதானே பேச்சு? அந்த நட்டை..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார்.

"அந்த நட்டை?" என்றார் எம்ரிஸ்.

"சொல்லுங்க" என்றாள் மேவிஸ். "யாராவது நட்டைத் தொட்டாங்களா? தொட்டிருந்தா நான் தோத்தேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். யாரு தொட்டது, எதுக்குத் தொட்டதுன்னு மட்டும் எம்ரிஸ் கேப்பாரு."

எம்ரிஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். அவரிடம் சொன்னால் இருட்டுவதற்குள் சங்கம் முழுக்கப் போய்விடும். டெஸ்மண்ட் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். அந்தக் கயிறு காது வழியாக வெளியே வர வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

எம்ரிஸ் போனதும் மேவிஸ் குனிந்து ரோஸ்ட் தட்டை வெளியே இழுத்தாள்.

"நேத்து என்னால முடிஞ்ச மட்டும் இறுக்கினேன். அப்பவும் சொட்டுச்சு. பலம் இருந்தா மட்டும் பத்தாதுங்க, அந்த நட்டுக்குக் கோபம் வேணும். அதான் காலைல கொஞ்சம் ஏத்திவிட்டேன்."

டெஸ்மண்ட் பல்லைக் கடித்தார். பல் வலித்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவார பப்பில் சங்கத்தார் இறங்கி, வழக்கம்போல ஆளுக்கொரு அட்டையைத் தம் வண்டிக்கு அடியில் தள்ளினார்கள். அடுத்தவன் வாசலைக் கறையாக்கக் கூடாதே. மேவிஸ் மட்டும் எதையும் தள்ளவில்லை. தட்டு வீட்டில் அடுப்புக்குள் இருந்தது. சாப்பாடு முடிந்து வந்த சங்கத் தலைவர் பச்சைக் காரின் கீழே குனிந்தார். முழங்காலே போட்டுவிட்டார்.

"ஒரு சொட்டு இல்ல! இந்த வண்டிக்கு இது பிறவி நோய்னு நெனச்சோம். யாருப்பா அந்த நட்டை இறுக்கினது?"

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். டெஸ்மண்ட் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி அது. வாயைத் திறந்தார். எம்ரிஸ் பின்னால் நின்று புன்னகைப்பது தெரிந்தது.

"மேவிஸ்தான்" என்றார்.

அங்கேயே கைதட்டி முடிவு செய்தார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் 'நட்டு இறுக்குவது எப்படி' என்று மேவிஸ் பேசுகிறாள். நன்றியுரை, டெஸ்மண்ட்.