நடக்கப் போன வாட்ச்

"இதைக் கையில கட்டிக்கோ. பார்க்கைச் சுத்தி மெதுவா நடந்துட்டு வா, போதும்."

கண்ணாடிக்கடைக்காரர் தன் வாட்ச்சைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"நான் எதுக்குங்க?"

"நான் நடக்கிறது, ஓடுறது, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் இது வழியா கோச் போனுக்குப் போயிடும். அவர் என்னை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கார். வாட்ச் மெதுவா நடந்தா அவருக்கு நிம்மதி."

"வாட்ச் நடக்கும். நீங்க?"

"ஓடுவேன்."

விஷயம் இதுதான். நெடுந்தூர ஓட்டப் போட்டிக்கு, அவர் சேர்ந்திருந்த ஓட்டக் கிளப்பிலிருந்து ஓர் அணி போகிறது. அதில் ஒரே ஓர் இடம் பாக்கி. அந்த இடத்துக்காக அவர் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமில்லை. வாடிக்கையாளருக்குக் கண் பரிசோதிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே யாராவது ஓடிப்போனால் போச்சு, இவர் பார்வையும் பின்னாலேயே போய்விடும். எழுத்துப் பலகையில் வாடிக்கையாளர் என்ன படித்தாலும் "சரி, சரி" என்பார்.

அந்த ஆசையில் அளவுக்கு மீறி ஓடித்தான் வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தது. "ஓடும்போது உடம்பு தேயும் சார், ஓய்வுலதான் பலமாகும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம்" என்று கோச் தலைபாடாய் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே?

மனைவி பார்க்குக்குப் போன நேரத்தில் இவர் பின்தெருவில் ஓடினார். வலி கூடியது. வலது காலைக் காப்பாற்ற இடது காலை அழுத்தி ஊன்றினார். இரண்டே நாளில் இடது முழங்காலும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. நொண்டுவதைப் பார்த்து மனைவி கேட்டதும், "கடையில ஸ்டூல் காலில விழுந்துடுச்சு" என்று புளுகினார்.

"ரெண்டு காலிலயுமா?"

"பெரிய ஸ்டூல்."

அவள் ஐஸ் ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஓடும்போது எப்படிங்க இருக்கும்?"

"அதெல்லாம் சொன்னாப் புரியாது. கொஞ்ச தூரம் போனதும் மூச்சும் காலும் ஒண்ணு சேர்ந்துக்கும். அப்புறம் வீடு, கடை, கவலை எதுவும் கூட வராது."

"ஆமா," என்று பெருமூச்சு விட்டாள்.

அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாரே தவிர, ஏன் கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை. அவர் மனம் முழுக்க அந்த ஆரஞ்சு நிற அணிச் சட்டை.

மறுவாரம் கோச்சே போன் செய்தார். "அருமை சார்! சொன்ன பேச்சைக் கேக்கறீங்க. இன்னையிலேருந்து கொஞ்சம் மெதுவா ஓடுங்க, மூச்சு வாங்கினா நடங்க."

தினமும் ஒரு பயிற்சி சொன்னார். இவரும் அதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்து, "நீ ஓடவெல்லாம் வேணாம், வேகமா நடந்தாப் போதும்" என்று சேர்த்துக்கொள்வார். வாட்ச் திரும்பி வரும்போது பட்டை நனைந்திருக்கும்.

"பாத்திரம் கழுவும்போது கழட்டி வைக்கக் கூடாதா?"

"சரிங்க."

மாதக் கடைசியில் மாடிப்படி ஏறவே கைப்பிடி தேவைப்பட்டது. அன்றைக்கென்று போன் வந்தது.

"அந்த இடம் முடிவாயிடுச்சு சார். இவ்வளவு ஒழுங்கா ஏறின வேகத்தை நான் பார்த்ததில்ல. மைதானத்துக்கு வாங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அவர் போனிலேயே நாலு தடவை நன்றி சொன்னார். போட்டியன்று கால் எப்படியும் ஒத்துழைக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, மனைவியின் தோளைப் பிடித்து நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தார்.

கோச் ஆரஞ்சுச் சட்டையோடு வந்தார். கடைக்காரர் இரண்டு கையையும் நீட்டினார். சட்டை அந்தக் கைகளைத் தாண்டி மனைவியிடம் போனது. அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"சார், அது... நான்..."

"உங்க நெஞ்சுத் துடிப்பு எனக்குத் தெரியாதா சார்?" என்றார் கோச். "ஆள் மாறினது முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, பார்க்குக்கு வந்து பார்த்தா வாட்ச் இவங்க கையில; அதுக்கப்புறம் நான் போன்ல சொன்ன பயிற்சியெல்லாம் இவங்களுக்குத்தான், நீங்கதான் தினமும் தவறாம கொண்டுபோய்ச் சேர்த்தீங்க."