மட்டாஞ்சேரியில் மழை பூஜ்யம்

என் டாக்டர் பட்டத்துக்கு அடியில் ஒரு பொய் இருக்கிறது. ஆய்வேட்டில் இல்லை, அதை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் (யாரும் பார்த்ததில்லை). பொய் சொன்னது மட்டாஞ்சேரியில், அப்பாவின் மிளகுக் கிடங்கில், எனக்கு இருபத்திரண்டு வயதில்.

அப்போது நான் எம்.எஸ்சி. கடைசி வருஷம். கம்ப்யூட்டருக்குள் காடு வளர்த்துக்கொண்டிருந்தேன். மரம் நீரை உறிஞ்சி ஆவியாக விடும், ஆவி மேகமாகும், மழை பெய்யும், மழையில் மரம் வளரும். இந்தச் சுற்றைக் கணக்காக எழுதி, மரம் குறைந்தால் மழை என்ன ஆகும், மழை குறைந்தால் மரம் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் வேலை. கேரளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எங்கே எவ்வளவு மரம் என்று கட்டத்துக்கு ஒரு துளை அட்டை போட்டிருந்தேன் (அந்தக் காலக் கம்ப்யூட்டர், அட்டையில் குத்திய ஓட்டைகளைத்தான் படிக்கும்). அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் அடுக்கி, படகேறி, எர்ணாகுளத்தில் இருந்த கம்ப்யூட்டரில் கொடுத்தால் மறுநாள் விடை காகிதத்தில் வரும்.

பேராசிரியர், தொடர்ந்து ஆராய்ச்சி செய் என்றார். அப்பா, தை மாதம் கல்யாணம் என்றார். ஒரு மாதம் வீட்டில் சண்டை. கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார்.

"மழையைப் பத்தியாக்கும் உன் மிஷின் படிக்கிறது, இல்லியா? வியாழக்கிழமை மழை உண்டா இல்லியான்னு சொல்லட்டும். கப்பலுக்குப் போற மிளகு நமுத்துக் கெடக்கு, ஒரு நாள் வெயில் வேணும். சரியாச் சொன்னா நீ படி. இல்லேன்னா தையில கல்யாணம்."

இந்த மிஷின் வருஷக்கணக்கில் என்ன நடக்கும் என்றுதான் பார்க்கும், அதற்குக் கிழமை தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "அதுக்கென்னப்பா, சொல்லும்" என்றேன். (வாய்!)

காகிதம் வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கும் நேரே மழை பூஜ்யம். ஜூன் மாதம் முழுக்கக் காயாத பாவாடையோடு பள்ளிக்கூடம் போன மட்டாஞ்சேரிக்காரி அதைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க வேண்டாமோ? நான் அக்டோபருக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு அப்பாவிடம் நீட்டினேன்.

வியாழக்கிழமை காலை வானம் பளிச்சென்று இருந்தது. முற்றம் முழுக்க மிளகைப் பரப்பினார்கள். மிளகு கிளற வந்த ஏழு பெண்களும் குடையோடு வந்திருந்தார்கள்.

"எந்தினா சேச்சி குட?" என்று ரோசம்மா சேச்சியிடம் கேட்டேன்.

"துலாமாசமல்லே மோளே" என்றாள். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். நான் காகிதத்தைக் காட்டிச் சிரித்தேன். அவள் குடையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு இடித்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார்ப்பாயை இழுப்பதற்குள் மிளகு மிதந்து ஓடைக்குப் புறப்பட்டுவிட்டது. நான் தாவணியில் அள்ளினேன். கையிலிருந்த காகிதத்தின் சிவப்பு மை முழங்கைவரை வழிந்தது.

சாயங்காலம், நனைந்த தலையோடு அப்பா, வாங்குகிறவர்களுக்குச் சாம்பிளாக அனுப்பும் மிளகுப் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய ஒரு சீட்டு. சீட்டில் ஓட்டைகள்.

"இது ஏதுப்பா?"

"உன் பெட்டியிலேந்துதான் எடுத்தேன். ஓட்டை விழுந்தது, வேஸ்ட்டுன்னு நினைச்சேன். நல்ல கெட்டி அட்டை, கேட்டியா!"

வாங்கிப் பார்த்தேன். இடுக்கி. அடுத்தது வயநாடு. என் காடு மொத்தமும் மிளகுப் பொட்டலத்தில் தொங்கியது. பாதி ஏற்கெனவே கப்பலேறிவிட்டது. அட்டை இல்லாத கட்டத்தைப் பொட்டல் வெளியாக எடுத்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்தவளும் நானே. பெட்டி இலேசாக இருந்ததைக்கூடக் கவனிக்காத விஞ்ஞானி.

அப்பாவுக்கு விளக்கினேன். சீட்டை விளக்குக்கு நேரே தூக்கி ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"அப்போ மிஷின் பொய் சொல்லல்லே. காட்டை நானாக்கும் எடுத்தேன். அட்டை எல்லாம் இருந்திருந்தா, வியாழக்கிழமை மழைன்னு சொல்லியிருக்கும், இல்லே?"

சொல்லியிருக்காது. வியாழக்கிழமை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

"சொல்லியிருக்கும்ப்பா" என்றேன்.

தை வந்தது, போனது. நான் படித்தேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் சாவி, கண்ணாடி, டிக்கெட் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "காட்டை எடுத்தாச்சா?" என்பார்கள். துளை அட்டையைக் கண்ணால் பார்க்காத என் மகளும் கேட்பாள். தொண்ணூறு வயதில் அப்பா உடனே கையைத் தூக்குவார்: "மிஷின் மேல தப்பில்லே, தப்பு என்னுதாக்கும்!" எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் வெட்கமாக இருக்கும். ஒரு நொடி தாமதித்து நானும் சிரிப்பேன்.