வளையல்காரத் தெருவின் அகலம்

“வளையல்காரத் தெருவின் அகலம் இருபத்துநான்கு அடி. ஆகவே மறுசீரமைப்புக்காக இங்கே எந்தக் கடையையும் இடிக்கத் தேவையில்லை.”

பழனிவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். அப்போதும் இருபத்துநான்கு அடிதான்.

அவர் கடலூரில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியர். ‘நகர மறுசீரமைப்பு’ என்று தலைப்புக் கொடுத்து, மூன்றாம் ஆண்டு மாணவர்களை ஆளுக்கொரு தெருவாகக் கள ஆய்வுக்கு அனுப்பியிருந்தார். வெண்மதிக்குக் கிடைத்தது திருப்பாதிரிப்புலியூர் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் வளையல்காரத் தெரு. அங்கே இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே வந்தால், ஒருவர் குடையை மடக்கியாக வேண்டும். போன தீபாவளிக்கு அவருடைய ஸ்கூட்டர் அங்கே பிளாஸ்டிக் குடங்களுக்கும் தொங்கும் நைட்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எப்படியோ உருவிக்கொண்டு வந்தபோது ஒரு நைட்டியும் ஹேண்டில்பாரோடு வீடு வரை வந்துவிட்டது. அதை மனைவி அமிர்தத்துக்கு விளக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தத் தெருவா இருபத்துநான்கு அடி? சிவப்புப் பேனாவை எடுத்துப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு, வெண்மதியை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏம்மா, தெருவுக்குள்ள போய் அளந்தியா, இல்ல முனையில டீ குடிச்சிட்டுத் திரும்பிட்டியா?”

“போனேன் சார்.”

“இருபத்துநாலு அடின்னா தேரே போவலாமே!”

“சந்தேகம்னா நீங்களே வந்து அளந்து பாருங்க சார்.”

குரலில் துளி நடுக்கம் இல்லை. பக்கத்து மேஜை காயத்ரி மேடம்கூட நிமிர்ந்து பார்த்தார். பூஜ்யம் என்றால் இந்த வருஷம் தேற முடியாது, பி.எட். சீட்டு கையை விட்டுப் போய்விடும் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றாள்.

பழனிவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாளைக்கே அளக்கறேன். கொறைஞ்சா பூஜ்யம்தான். சரியா இருந்தா நூத்துக்கு நூறு. காயத்ரி மேடம், நீங்கதான் சாட்சி.”

“சரிங்க சார்” என்று போன வெண்மதி, வாசலில் திரும்பினாள். “எத்தினி மணிக்கு சார் வருவீங்க?”

“பத்து மணிக்கு!”

மறுநாள் மதியம் சிதம்பரத்திலிருந்து செம்பியன் வரவேண்டியிருந்தது. வெளித் தேர்வாளர்; மதிப்பெண்களில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். “ஒரு பொண்ணு சந்துபொந்தை எட்டு வழிச் சாலையா எழுதியிருக்குது சார், வந்து பாருங்க” என்று பழனிவேல் அன்று இரவே அவருக்குப் போன் போட்டுச் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு மறுநாள் காலை வரைதான் தாங்கியது.

பத்து மணிக்குத் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தினார். குடங்கள், துடைப்பக் கட்டுகள், நைட்டிகள், டீக்கடை பெஞ்சு எல்லாம் அதனதன் இடத்தில், அதாவது தெருவின் நடுவில் இருந்தன. திருப்தியோடு பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

டீக்கடை காத்தவராயன் ஒரு விசில் அடித்தான். அவ்வளவுதான். குடங்கள் உருண்டு உள்ளே போயின. நைட்டிகள் மாயமாய் மறைந்தன. சாக்குப் பந்தல்கள் சுருண்டுகொண்டன. பாத்திரக்கடை மங்கலம், படியாகப் போட்டிருந்த பலகையையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பழனிவேல் டேப்பைப் பிரித்து முடிப்பதற்குள் வளையல்காரத் தெரு விமான நிலையம் ஆகியிருந்தது.

அளந்தார். இருபத்துநான்கு அடி. அரை அங்குலம் கூடவே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஆனால் பழனிவேலுக்குக் கோபம் போய் ஆர்வம் பிடித்துக்கொண்டது. மலையும் ஆறும் அளந்தால் அளந்தபடி நிற்கும். டேப்பைக் கண்டால் விரிகிற தெருவை எப்படி அளப்பது? அந்தப் பெண்ணும் பாவம், டேப்போடு வந்துதான் ஏமாந்திருக்கிறாள். டேப்பே இல்லாமல் அளந்து காட்டுகிறேன் பார் என்று முடிவு செய்தார்.

பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு வந்தார். தெரு பழையபடி சுருங்கிக் கிடந்தது. குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டும்படி அடி மேல் அடி வைத்துக் குறுக்கே நடந்தார்.

“என்னா சார், தள்ளாட்டமா? சுகர் ஜாஸ்தியா?” என்று மங்கலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லம்மா, விடு.”

“ஏய், சாரு வந்துட்டாரு!” என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. குடங்கள் மறுபடி உருண்டன. அவர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது எதிர்ப்பக்கமே பின்னால் போயிருந்தது.

டேப் இல்லை. பிறகு எதைப் பார்த்து ஓடுகிறார்கள்? நடையைப் பார்த்தா? யோசித்துக்கொண்டே நின்றவர் கண்ணில் பூக்காரி தில்லையம்மாள் பட்டாள். பூவை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

“தெருவுக்குக் குறுக்க எட்டற அளவுக்கு மல்லி குடும்மா.”

தில்லையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்கு வூட்ல எத்தினி பேரு சார் பூ வைக்கறவங்க?”

பழனிவேல் சரத்தை வாங்கினார். ஒரு நுனியை மின்கம்பத்தில் கட்டிவிட்டு, மறுநுனியை இழுத்துக்கொண்டு எதிர்க்கடைப் பக்கம் நடந்தார். பாதி தூரம் போவதற்குள் தெருவே பரபரத்தது. “சாமி வருதாம்!” என்றாள் மங்கலம். இந்த முறை கடைகள் உள்ளே போனதோடு நிற்கவில்லை. யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ கோலம் போட்டார்கள், ஒருவர் தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்து பழனிவேலின் காலடியில் வைத்து, அவர் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினார் செம்பியன். கல்லூரிக்குப் போயிருக்கிறார், பழனிவேல் தெருவில் இருப்பதாகக் காயத்ரி மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். பளிச்சென்று கழுவிய அகலத் தெருவில், நெற்றியில் திருநீறும் கையில் மல்லிகைச் சரமுமாக நின்ற நண்பரை அவர் சற்று நேரம் பார்த்தார்.

“இதுவாய்யா சந்து? எங்க ஊரு தேர் வீதிக்கு அடுத்தது இதுதான் போலருக்குது!”

“இல்ல சார், இது சாதாரணமா இப்படி இருக்காது. ஆளப் பாத்தா விரியுது…”

“தெரு விரியுதா?” செம்பியன் அவர் தோளில் கையை வைத்தார். “வாங்க, ஆட்டோவுல ஏறுங்க. வெயில் ஜாஸ்தி.”

ஆசிரியர் அறையில் காயத்ரி மேடம் சாட்சியாகக் காத்திருந்தார். பழனிவேல் சிவப்புப் பேனாவை எடுத்தார். தான் போட்ட பூஜ்யத்தை அடிக்க மனம் வராமல், அதற்கு முன்னால் ஒரு பத்தைப் போட்டு நூறாக்கினார். வெண்மதி நன்றி சொன்னபோது கண்கலங்கிவிட்டாள். அதைப் பார்த்ததும் அவருக்கும் என்னவோ செய்தது. வெயிலில் நின்று பாடுபட்ட பெண்ணைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினார்.

சாயங்காலம் ஸ்கூட்டரை எடுக்கப் போனார். அது வழக்கம்போலக் குடங்களுக்கும் நைட்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. காத்தவராயன் அவரைப் பார்த்ததும் பெஞ்சைத் தூக்கித் தெருவின் நட்டநடுவில் போட்டான்.

“குந்துங்க சார், டீ சாப்பிடுங்க.”

“என்னாப்பா, என்னைக் கண்டா பெஞ்சை உள்ளல்ல தள்ளுவ?”

“இனிமே எதுக்கு சார்? அதான் மார்க்கு போட்டுட்டீங்களே! அந்தப் பொண்ணு இப்பதான் போன் பண்ணிச்சு.”

பழனிவேல் பெருமூச்சு விட்டார். “கெட்டிக்காரப் பொண்ணுப்பா. இந்த வெயில்ல டேப்பைப் புடிச்சிக்கிட்டு எவ்வளவு கரெக்டா அளந்திருக்குது!”

காத்தவராயன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினான். பாய்லருக்கு மேலே, கல்லூரிக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியிருந்த பழனிவேலின் தலையைக் கரண்டியால் சுட்டிக்காட்டினான்.

“அது எங்க சார் அளந்துச்சு? நேத்து சாயங்காலம் வந்து ஒரு டீ குடிச்சிட்டு, ‘இவரு தெருவுல கால வச்சா அல்லாரும் உள்ள தள்ளிக்குங்க, இருபத்துநாலு அடி இல்லேன்னா இடிச்சிடுவாங்க’ன்னு சொல்லி, கடைக்கு ஒரு போட்டோ குடுத்துட்டுல்ல போச்சு!”